யாவாரி முகம்

கிறிஸ்துவுக்குள் அன்பான நாசரேத் தம்பிக்கு,

பத்திரிகை முகவரிக்கு நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதம் போன வாரம் என் கைக்கு வந்தது. ஜனவரியில் மனைவியோடும் மூன்று வயது மகளோடும் டான்சானியாவுக்குப் புறப்படுகிறீர்கள். டொடோமா பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை, கூடவே சபை ஊழியம். "அக்கா, அங்கே பதினான்கு வருஷம் இருந்தவர் நீங்கள், என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, பதினான்கு சாமான்களின் பட்டியலையும் நீங்களே போட்டிருக்கிறீர்கள். பிரஷர் குக்கர் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. சுவாஹிலி அகராதி பதினொன்றாவது.

இதே கேள்வியோடு வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது என் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அதனால் உங்களுக்குச் சொல்வதைப் பத்திரிகையிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் இடம் கொடுத்திருக்கிறார்.

முதலில் பட்டியலை முடித்துவிடுவோம். குக்கர் வேண்டாம். டார் எஸ் சலாமில் நம் நாட்டுச் சாமான் விற்கும் கடைகளில் குக்கர் என்ன, இட்லித் தட்டே கிடைக்கும். மிக்ஸி கொண்டுபோனால் அங்கே பிளக்கின் வடிவம் வேறு, பெரிய மூன்று சதுரக் கால். மாற்றிப் பொருத்துவது ஐந்து நிமிஷ வேலை. பல்லை இங்கேயே காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாறுவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கக்கூடும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அந்த மஞ்சள் அட்டை செல்லும், ஆகவே புறப்படுவதற்கு முந்தின வாரம் ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் இப்போது ஆயுளுக்கும் போதும். மலேரியாவுக்கு ஊசியை நம்பாமல் கொசுவலையை நம்புங்கள்; குழந்தைக்கு மாத்திரை அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிடுங்கள். சமய ஊழியத்துக்கும் ஆசிரியர் வேலைக்கும் முறையான குடியிருப்பு அனுமதி கைக்கு வரவேண்டும். சுற்றுலா விசாவில் போய் இறங்கி "கர்த்தர் வழி திறப்பார்" என்று சொல்கிற சிலரை நான் பார்த்திருக்கிறேன். அரசாங்கத்திடம் பொய் சொல்லி நுழைகிறவர் சபையில் எதைப் பிரசங்கிப்பார் என்று எனக்குப் புரிந்ததில்லை.

சாமான் கதை இவ்வளவுதான். இனி பட்டியலில் இல்லாதது.

நீங்கள் டொடோமா பேருந்து நிலையத்தில் இறங்கும்போது, கையில் வேதாகமம் இருந்தாலும் கழுத்தில் சிலுவை தொங்கினாலும், உங்களைப் பார்க்கிறவர்களுக்கு நீங்கள் மிஷனெரியாகத் தெரியமாட்டீர்கள். 'முஹிண்டி'யாகத் தெரிவீர்கள். இந்தியன் என்பதற்கு அங்கே அதுதான் சொல். அந்தச் சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழுகிற உருவம் கடைக்காரனுடையது. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரை ரயில் பாதை போட ஆங்கிலேயர் சுமார் 32,000 பேரை இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வந்துவிட்டார்கள், சுமார் 2,500 பேர் அங்கேயே செத்தார்கள். தண்டவாளத்தை ஒட்டிப் பரவியவை குஜராத்திகளின் கடைகள். வெள்ளைக்காரன் மேலே, ஆப்பிரிக்கன் கீழே, நடுவில் கல்லாப்பெட்டியோடு இந்தியன் என்று ஆங்கிலேயர் மூன்று படிக்கட்டு கட்டினார்கள். அந்த நடுப்படியில் நின்றவர்கள் கீழ்ப்படியைப் பார்த்த பார்வையை அங்கே இன்னும் யாரும் மறக்கவில்லை. 1972இல் உகாண்டாவில் இடி அமீன் இந்தியர்களைத் துரத்தியது கொடுமைதான். ஆனால் அன்றைக்குத் தெருவில் பலர் ஏன் கைதட்டினார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சொற்களே இதைச் சொல்லும். சுவாஹிலியில் கடைக்கு 'டூக்கா', காசுக்கு 'பேசா', வண்டிக்கு 'காரி', சப்பாத்திக்குச் 'சப்பாத்தி'. பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்து போனவை. இன்னொன்றும் போனது. தெற்கே நாம் 'யாவாரி' என்போமே, அந்த வியாபாரி வடக்கத்தி வாயில் 'பேபாரி'யாகிக் கடல் தாண்டி, சுவாஹிலியில் 'முதலாளித்துவக்காரன்' என்ற பொருளில் உட்கார்ந்திருக்கிறது. டான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரே ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனை மொழிபெயர்த்து 1969இல் வெளியிட்டபோது, வணிகன் என்ற இடத்தில் அவர் போட்டது இந்தச் சொல்லைத்தான், அதுவும் பன்மையில்: 'மாபேபாரி'. நியரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர், நல்ல கத்தோலிக்கர். நாடே அவரை 'ம்வாலிமு', வாத்தியார் என்றுதான் அழைத்தது. அவர் சும்மா போட்டிருக்கமாட்டார்.

ஆக நீங்கள் வெள்ளைத்தாளாகப் போய் இறங்கவில்லை, தம்பி. எழுதப்பட்ட ஒரு முகத்தோடு போகிறீர்கள். முதல் ஆறு மாதம் என்னிடம் எல்லோரும் விலை கேட்டார்கள். காய்கறிக்காரி முதல் பள்ளிக் காவலாளி வரை, "உன் கடை எங்கே இருக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி. கடை இல்லை என்றால், "உன் வீட்டுக்காரருக்கு?" என்பார்கள். எனக்கு ரோஷம் வந்தது. நான் ஊழியத்துக்கு வந்தவள் அல்லவா! பிறகுதான் உறைத்தது: அந்த ரோஷத்துக்குள் 'நான் அந்த யாவாரிகளைப் போல் அல்ல' என்ற மேட்டிமை இருந்தது, அதற்கும் கீழே 'நான் உங்களைப் போலவும் அல்ல' என்பது இருந்தது.

இதை நாசூக்காகச் சொல்ல முடியாது. நம்மிடம் நிற வெறி உண்டு. கறுத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற வீட்டில் சபை மூப்பரும் உட்கார்ந்திருப்பார். சில ஊர்களில் கல்லறைத் தோட்டமே சாதிக்கு ஒன்றாகக் கிடக்கிறது. இதை எல்லாம் சென்னை விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையில் யாரும் எடுத்து வைத்துக்கொள்ளமாட்டார்கள். உங்களோடு விமானம் ஏறி வரும். உங்களை நேர்முகத்தில் கேள்வி கேட்ட குழு உங்கள் இரட்சிப்பின் சாட்சியைக் கேட்டதாகவும், அழைப்பின் தரிசனத்தைக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கறுப்பினப் பையனை மருமகனாக ஏற்பீர்களா என்று யாராவது கேட்டார்களா? புறப்படும் முன் ஒரு ராத்திரி நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து அந்தக் கேள்வியைப் பேசிவிடுங்கள். உங்கள் மகளுக்கு இப்போது மூன்று வயது. பதினைந்து வருஷம் இருந்தால் அது வெறும் கேள்வியாக இருக்காது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளை இருக்கிறது. அங்கே 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதும், 1912இல் தோர்ணக்கல் பேராயராகி ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனதும் உங்களுக்கு ஞாயிறு பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வருவது 1910. எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. கூடியிருந்த சுமார் 1,200 பேரில் ஆசியர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து, மிஷனெரிகளுக்கும் அவர்களோடு வேலை செய்கிற இந்தியர்களுக்கும் இடையே இருக்கிற விலகலைப் பற்றிப் பேசினார். உங்கள் தியாகத்துக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். மண்டபத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

நூறு வருஷமாக அந்தப் பேச்சை நாம் பெருமையாகச் சொல்லிவருகிறோம், ஏனென்றால் அதில் நாம் கேட்கிற பக்கம். நீங்கள் விமானம் ஏறிய நிமிஷம் பக்கம் மாறிவிடுகிறது. இனி அசரியா உங்களோடு வேலை செய்யப்போகிற அந்த ஊர் வாத்தியார், துரை நீங்கள்.

துரைத்தனம் காசில் வருவதில்லை. உங்கள் சங்கம் தரப்போகிற உதவித்தொகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதில் யாரும் துரையாக முடியாது. அது கொடுக்கிற இடத்திலேயே எப்போதும் இருந்துகொள்வதில் வருகிறது. நான் போய் எட்டு மாதம் வரை அக்கம்பக்கத்தில் யாரிடமும் ஒன்றும் கேட்டு வாங்கியதில்லை. பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லித்தந்தேன், மருந்து கொடுத்தேன், பழைய துணி கொடுத்தேன். எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குள் வந்து உட்காரவில்லை. ஒரு நாள் மழை பிடித்து அடுப்புக்கரி எல்லாம் நனைந்துபோய், வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போய் ஒரு சட்டி நெருப்பு கேட்டேன். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் தெருவே என் வீட்டு முற்றத்தில் இருந்தது. முஹிண்டி வீட்டிலும் நெருப்பு அணையும் என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி.

மொழியைப் பற்றி. உங்கள் பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தொடக்கப் பள்ளி முழுவதும் சுவாஹிலி, உயர்நிலை முதல் வகுப்பிலிருந்து திடீரென்று ஆங்கிலம். அதனால் சுவாஹிலி தெரியாமலே வாத்தியார் வேலை ஓடிவிடும். அதுதான் கண்ணி. தமிழ் வழியில் படித்துவிட்டு இன்ஜினியரிங் கல்லூரியில் முதல் செமஸ்டரில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். தலையாட்டும், ஒன்றும் ஏறாது. வகுப்பு முடிந்தபின் ஒரு சந்தேகத்தை அங்குள்ள பிள்ளை சுவாஹிலியில் கேட்க முடிகிற ஆளாக நீங்கள் ஆகவேண்டும்.

சுவாஹிலி நமக்குக் கஷ்டமில்லை. உயிரெழுத்து ஐந்தும் சுத்தமாக ஒலிக்கும். நாக்கு மடங்காதது முதலெழுத்தில்தான்: 'ம்டோட்டோ' என்றால் குழந்தை, நம் வாய் 'முடோட்டோ' என்று ஓர் உகரத்தைச் சேர்க்கும். பசுவுக்கு 'ஙோம்பே'. அரிச்சுவடியில் படித்ததோடு சரி என்று விட்ட ங-வுக்கு அங்கே போய்த்தான் வேலை வந்தது. இலக்கணம் சொல்லின் தலையில் நடக்கும். 'கிட்டாபு' ஒரு புத்தகம், 'விட்டாபு' பல. அரபியிலிருந்து வந்த சொல்லைக்கூடத் தங்கள் இலக்கணத்துக்குள் இழுத்து அதன் தலையை மாற்றிவிட்டார்கள் பாருங்கள். எனக்கு அந்த மொழி மேல் காதல் வந்ததே அந்த ஒரு சொல்லால்தான்.

மணி பார்க்கவும் புதிதாகக் கற்க வேண்டும். அங்கே நாள் சூரியன் உதிக்கும்போது தொடங்கும். காலை ஏழு மணி அவர்களுக்கு முதல் மணி. தலைமையாசிரியர் கூட்டம் 'சா டாட்டு'வுக்கு என்றார், மூன்றாம் மணி. நான் சேலையை நன்றாகக் கட்டிக்கொண்டு மத்தியானம் மூன்று மணிக்குப் போய் நின்றேன். கூட்டம் காலை ஒன்பது மணிக்கே தொடங்கி முடிந்திருந்தது. எனக்கு ஒரே சிரிப்பு, அவருக்கு இல்லை. பிறகு யோசித்தால், நம் பாட்டன்மாரும் சூரிய உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணினார்கள். நாம் மறந்தது அவர்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

குறைந்தது ஆறு மாதம் பாடம் எடுக்காமல் மொழி மட்டும் படிக்க விடும்படி உங்கள் சங்கத்திடம் எழுதிக் கேளுங்கள். "காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு என்ன சொல்வது?" என்பார்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அகரம் எழுதினார் என்று சொல்லுங்கள். இருபத்துநாலு வயது, பல்கலைக்கழகத்தில் படித்த ஜெர்மானியர். கூடவே இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: அவர் நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றி மக்களிடமே கேட்டுக் கேட்டு 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே ஹாலே நகரில் இருந்த மிஷன் பெரியவர்கள் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினால் அதையே எழுதி அனுப்புகிறாயே என்பது அவர்கள் கோபம். நூல் அச்சேற 1867 ஆயிற்று. நீங்கள் அந்த மக்களை உண்மையிலேயே அறியத் தொடங்கும்போது, அனுப்பினவர்களுக்கு உங்கள் கடிதங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்காமல் போகும். அப்போது பயப்பட வேண்டாம்.

அந்த மாதாந்தரக் கடிதம் பெரிய சோதனை. இங்கே அம்மாமார் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதைச் சேர்த்துக் காணிக்கையாக்கி உங்களை அனுப்புகிறார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு முட்டைக்கு நூறு ரூபாய் கொடுக்கிறவர்களின் பணம் அது. அவர்களுக்கு மாதாமாதம் ஏதாவது காட்டவேண்டும் என்று கை பரபரக்கும். மூக்கு ஒழுகும் பிள்ளையின் படம் போட்டால் பணம் வரும். போடாதீர்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் லண்டன் மிஷனெரிப் பத்திரிகைகளில் அப்படி அச்சாகிப் போனவர்கள் நம் பூட்டிமார், பெயர்கூட இல்லாமல். ஒரு படத்தை அனுப்பும் முன் அதில் இருக்கிற பிள்ளையின் தாயிடம் காட்டுங்கள். அவள் சிரித்தால் அனுப்புங்கள்.

இன்னொன்று, நீங்கள் இருளில் வெளிச்சம் ஏற்றப் போகவில்லை. டொடோமாவுக்குத் தென்கிழக்கே ம்ப்வாப்வாவில் 1870களிலேயே சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சொசைட்டி) மிஷன் வந்துவிட்டது. அதே சி.எம்.எஸ்.தான் 1820இல் ரேனியஸை நம் பாளையங்கோட்டைக்கு அனுப்பியது. 1844இல் மொம்பாசாவில் இறங்கிய கிராப்ஃபும் ரேனியஸைப் போல சி.எம்.எஸ். அனுப்பிய ஜெர்மானியர்தான். வந்த சில மாதங்களில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் காய்ச்சலுக்குக் கொடுத்து, அங்கேயே புதைத்துவிட்டு, உட்கார்ந்து சுவாஹிலி இலக்கணம் எழுதினார். பிறகு அந்தக் கரையில் சுவிசேஷம் சொன்னவர்களில் பலர் வெள்ளைக்காரர்களே அல்ல. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு, நம் நாசிக்கில் சி.எம்.எஸ். பள்ளியில் படித்து வளர்ந்த ஆப்பிரிக்கப் பிள்ளைகள் அவர்கள். இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உங்களுக்கு முன்பே மிஷனெரிகள் போயிருக்கிறார்கள், நிறம் மட்டும் வேறு. இன்றைக்கு டான்சானியாவின் லுத்தரன் சபை உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று. ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரம் ஓடும், பாட்டு நின்றால்தானே பிரசங்கம். நீங்கள் அங்கே ஒரு பேராயரின் கீழ் வேலை செய்யப் போகிறீர்கள். அவர் சொல்கிற இடத்தில் உட்காருங்கள்.

மண் உங்களுக்குப் பிடிக்கும். நம் தேரி மாதிரியே செம்மண், டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை, மற்ற மாதமெல்லாம் புழுதி. பனை இருக்கும் இடத்தில் பொந்தன்புளி நிற்கும், பத்துப் பேர் கைகோத்தாலும் பிடிபடாத அடிமரத்தோடு. சோளமாவில் கிண்டிய 'உகாலி'யும் வழுவழுவென்ற 'ம்லெண்டா' கீரையும் முதல் வாரம் தொண்டையில் நிற்கும். கேப்பைக்களியும் வெண்டைக்காயும் தின்று வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் வாரம் இறங்கிவிடும்.

பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகாமூ' என்று சொல்லவேண்டும். 'உங்கள் காலைப் பிடிக்கிறேன்' என்பதிலிருந்து வந்த சொல் என்பார்கள். அவர்கள் 'மாராஹாபா' என்று ஏற்றுக்கொள்வார்கள். இதைச் சொல்லாத வெளிநாட்டுக்காரர் எவ்வளவு படித்திருந்தாலும் வளர்ப்புச் சரியில்லாதவர்தான். உங்கள் மகளுக்கு விமானத்திலேயே சொல்லிக்கொடுங்கள்.

நெருப்பு கொடுத்த அந்தப் பாட்டியிடம் நான் தினமும் அதைச் சொன்னேன். கொஞ்சம் பேச்சு வந்த பிறகு ஒரு நாள் அவர் என்னை உட்காரவைத்துக் கேட்டார்: "உன் அம்மா உயிரோடு இருக்கிறாளா?" இருக்கிறாள் என்றேன். "அவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" தம்பி இருக்கிறான் என்றேன். "நீ இங்கே வர அவள் சரி என்றாளா?" கர்த்தர் அழைத்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். சுவாஹிலியில் அதைச் சொல்ல எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல முடியவில்லை. என் நேர்முகக் குழுவில் ஒரு பேராயரும் இரண்டு ஐயர்மாரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் கேட்காததை அந்த அம்மாள் கேட்டுவிட்டார். நான் போன ஒன்பதாம் வருஷம் என் அம்மா போய்விட்டார்கள். தந்தி பள்ளிக்கு வந்து, நான் டார் எஸ் சலாம் வந்து, டிக்கெட் கிடைத்து, பாளையங்கோட்டை வந்து சேர்ந்தபோது கல்லறையில் மண் காய்ந்திருந்தது. திரும்பிப் போனதும் அந்தப் பாட்டி தன் வீட்டு வாசலில் என்னோடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். ஆறுதல் வசனம் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் நான்கு பக்கத்தில் உங்கள் அம்மாவைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது: "அம்மா ஊரில் இருப்பார்கள்." அப்பா இல்லை என்பதை அதிலிருந்து ஊகித்துக்கொண்டேன். இப்போது தந்தி இல்லை, வாட்ஸ்அப் இருக்கிறது. ஆனால் அங்கே இரவு ஏழு என்றால் நாசரேத்தில் ஒன்பதரை, அம்மா தூங்கியிருப்பார்கள். எந்த நேரம் கூப்பிடுவது, உடம்பு சரியில்லை என்றால் முதலில் ஓடி வருகிறது யார், பேத்தியை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை கண்ணில் காட்டுவீர்கள் என்பதை எல்லாம் பேசி முடித்துவிட்டீர்களா? அம்மா அழுதால் அழட்டும், பேசுங்கள். "கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன்" என்று அவர்கள் சொன்னால் அதோடு விட்டுவிடாமல், அடுத்த நாளும் ஒருமுறை கேளுங்கள்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு நான் ஊசிக்கோபுரத்தில் இரண்டாம் ஆராதனைக்கு இருப்பேன். ரேனியஸ் கட்டிய கோயிலை மகளுக்கும் காட்டின மாதிரி இருக்கும், குடும்பமாக வாருங்கள். சாப்பாடு என் வீட்டில். என்னிடம் நல்ல கொசுவலை ஒன்று இருக்கிறது, நான்கு பக்கமும் கயிறு வைத்துத் தைத்தது, எடுத்துக்கொண்டு போங்கள். அம்மாவை விட்டுவிட்டு வரவேண்டாம். அவர்களிடம்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

ஜெபத்துடன்,
பாளையங்கோட்டை அக்கா